மணியைக் கொஞ்சம் வளர்த்துக்கொண்டு வாருங்கள்

குளிரறைக்காரர் கேட்டது ஒரு மணி. அதிலும் பெரிய மணி இல்லை. வாசலில் பொத்தானை அழுத்தினால் உள்ளே ‘டிங்டாங்’ என்று கத்துமே, அந்த ரகம். சந்தையில் இரண்டு பேர் மத்தியானம் வயிறாரச் சாப்பிடுகிற காசுக்குக் கிடைக்கும். பேரம் பேசத் தெரிந்தவர் வாங்கினால் பாட்டரியும் சேர்ந்து வரும்.

கேட்டதற்குக் காரணம் இருந்தது. அவர் வேலை பார்த்தது உறையவைத்த சாமான்களை வாங்கி விற்கும் ஒரு கம்பெனியில். மேலே மூன்று மாடி அலுவலகம், கீழே கிடங்கு, கிடங்கின் கோடியில் குளிரறை. உள்ளே பூஜ்யத்துக்குக் கீழே பதினெட்டு டிகிரி. கதவு ஒரு சாண் கனம். சாத்தினால் வெளித்தாழ்ப்பாள் தானாக விழும். உள்ளேயிருந்து திறக்க ஒரு கைப்பிடி இருந்தது. போன வருஷம் உடைந்து கையோடு வந்துவிட்டது. அன்றிலிருந்து கதவிடுக்கில் ஒரு செங்கல்லை வைத்துவிட்டு உள்ளே போவார். அந்தக் கம்பெனியின் பாதுகாப்பு ஏற்பாடு என்பது முழுசாக அந்தச் செங்கல்தான்.

ஒரு நாள் தள்ளுவண்டி இடித்துச் செங்கல் விலகியது. கதவு சாத்திக்கொண்டது. அவர் தட்டினார், உதைத்தார், கூப்பிட்டார். சுவர் முழுக்கத் தகடு அடித்திருந்ததால் செல்போன் வெறும் கடிகாரமாகத்தான் இருந்தது. முப்பத்தைந்து நிமிடம் கழித்து, மறந்துவிட்டுப்போன தண்ணீர் பாட்டிலைத் தேடி வந்த லாரி டிரைவர் ஒருவர் கதவைத் திறந்தார். பாட்டில் வேறெங்கோ இருந்தது. மனிதர் அப்படித்தான் பிழைத்தார். இடது காது மட்டும் மூன்று நாள் அவருடையதாக இல்லை.

வீட்டில் மனைவி விசாரித்தாள். சந்தையில் பழைய பாத்திரமும் பழைய இரும்பும் வாங்கி விற்கும் கடை அவளுடையது. எதையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் விலை சொல்வாள்.

“ஏங்க, முப்பத்தஞ்சு நிமிஷம் உள்ள என்னதான் பண்ணீங்க?”

“பட்டாணி மூட்டையை எண்ணிக்கிட்டிருந்தேன்.”

“எத்தனை?”

“இருநூத்திப் பதினாலு.”

“ரெஜிஸ்டர்ல?”

“இருநூத்தி இருபது.”

“ஆக, ஆறு மூட்டை காணாமப் போனதைக் கண்டுபிடிக்க உங்க கம்பெனிக்கு ஒரு ஆளைக் காவு குடுக்க வேண்டியிருக்கு.” காதுக்குச் சூடான துணியை வைத்து அழுத்தினாள். “மூணு மாசம் டயம். அதுக்குள்ள அங்க ஒரு மணி வரணும். இல்லைன்னா பேசாம வேலையை விட்டுட்டு என் கடையில வந்து பாத்திரம் தேய்ங்க. சம்பளம் கிடையாது. ஆனா கதவும் கிடையாது.”

விட முடிந்தால் விட்டிருப்பார். இன்னும் பதினொரு மாதம் போனால் இருபது வருஷ சர்வீஸ் முடியும். முடிந்தால்தான் அந்தக் கம்பெனியில் பணிக்கொடை. பதினொரு மாதத்துக்கு முன்னால் போனாலும் கிடைக்காது; குளிரறைக்குள்ளேயே போய்ச் சேர்ந்தாலும் கிடைக்காது. அவர் உயிரோடும் வேலையோடும் ஒன்றாக இருந்தாக வேண்டும். அதற்குத்தான் மணி.

ஆகையால் எழுதிக் கொடுத்தார். அவர் எதையும் எழுதித்தான் கொடுப்பார், எழுதித்தான் வாங்குவார். ஒருதரம் மேலே இருந்து வாயால் சொன்ன உத்தரவை நம்பி இருபது பெட்டி ஐஸ்கிரீமை வெளியே அனுப்பினார். சொன்னவர் ‘நான் சொன்னேனா?’ என்றார். எட்டு நாள் சம்பளம் போயிற்று.

மனுவை நிர்வாக மேலாளர் இரண்டு தடவை படித்தார். அந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

“ஒரு மணின்னு எழுதியிருக்கீங்க.”

“ஆமா சார்.”

“ஒண்ணே ஒண்ணா?”

“ஒரு கதவுதானே சார்.”

“இங்கதான் நீங்க தப்புப் பண்றீங்க. இதை நான் எந்தத் தலைப்புல போடறது? சிக்கனத்துக்காகச் சில்லறைச் செலவுத் தலைப்பையே ரெண்டு வருஷம் முன்னாடி மூடிட்டோம். இப்ப பணம் இருக்கறது மூலதனத் திட்டத் தலைப்புல மட்டும்தான். அது அஞ்சு லட்சத்துக்குக் கீழ இறங்காது. உங்க மணி அதுக்குள்ள விழுந்துச்சுன்னா தேடிக்கூடக் கண்டுபிடிக்க முடியாது.”

“அப்ப என் கைக்காசுல வாங்கி மாட்டிக்கறேன் சார்.”

மேலாளர் முகம் வாடிவிட்டது. “கம்பெனிச் சுவர்ல உங்க சொந்த மணியா? நாளைக்கு நீங்க ரிட்டயர் ஆகிக் கழட்டிட்டுப் போவீங்க. ஆணி அடிச்ச ஓட்டை யார் கணக்குல நிக்கும்? யோசிச்சுப் பேசுங்க. நான் உங்களுக்கு ஒத்தாசை பண்ணத்தான் பார்க்கறேன். ஒண்ணு செய்ங்க. மணியைக் கொஞ்சம் வளர்த்துக்கிட்டு வாங்க.”

குளிரறைக்காரருக்கு மணி வளர்க்கத் தெரியாது. அதற்குத் தெரிந்த ஒருவரைக் கம்பெனியே வரவழைத்தது. அவர் ஆலோசகர். அவருக்குக் கூலி, திட்டத்தின் மொத்த மதிப்பில் நூற்றுக்கு எட்டு. விலை ஏற ஏறத் தன் பங்கும் ஏறுகிற மனிதரிடம் பேரம் பேசும் பொறுப்பை ஒப்படைப்பதைச் சந்தையில் கிறுக்குத்தனம் என்பார்கள். மாடியில் அதற்கு ‘வெளிப்படையான நடைமுறை’ என்று பெயர்.

வலையமைப்பு உள்பேசித் திட்ட வரவுசெலவுக் குழு என்று ஒன்று பிறந்தது. தலைவர், முதலாளியின் மகளைக் கட்டியவர். கம்பெனி முழுக்க அவரை ‘மாப்பிள்ளை சார்’ என்றே கூப்பிட்டது. மற்றவர்கள் நிர்வாக மேலாளர், தலைமைக் கணக்கர், ஆலோசகர். குளிரறைக்காரர் ‘தேவையின் பிரதிநிதி’யாக ஓர் ஓரத்தில் உட்கார அனுமதிக்கப்பட்டார். நாற்காலிக்கு அனுமதி வரவில்லை. பட்டாணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டு உட்கார்ந்தார்.

முதல் கூட்டத்தில் ஆலோசகர் விளக்கினார். “இது மணி இல்ல. மணிங்கறது போன தலைமுறை. ஒவ்வொரு இடத்துலயும் ஒரு உள்பேசி, அதாவது இன்டர்காம், அதுல காமிரா, திரை. எல்லாம் ஒரே வலையில. யார் யாரைக் கூப்பிட்டாங்க, எத்தனை மணிக்குக் கூப்பிட்டாங்க, யார் எடுக்கலை, எல்லாம் சர்வர்ல பதிவாயிடும். வருஷா வருஷம் உரிமக் கட்டணம் கட்டினாப் போதும்.”

குளிரறைக்காரர் கை தூக்கினார். “கதவைத் திறக்குமா சார்?”

“திறக்காததைப் பதிவு பண்ணும்,” என்றார் ஆலோசகர், பெருமையோடு.

தலைமைக் கணக்கர் தொண்டையைச் செருமிக்கொண்டார். மெலிந்த மனிதர், பேனா மூடியைக்கூட நூலில் கட்டி வைத்திருப்பார். “நான் இருபத்திரண்டு வருஷமா இந்தக் கம்பெனியைச் சின்னச் செலவுலேருந்து காப்பாத்திட்டு வர்றேன். பெரிய செலவுலேருந்து காப்பாத்த முடியல. அதெல்லாம் மேலேருந்து வரும். ஆனா ஒண்ணு. தேவை இருக்குன்னு காகிதத்துல இருக்கணும். காகிதம் இல்லாம ஒரு நயா பைசா நகராது.”

தேவையை அளப்பது என்று முடிவாயிற்று. நாற்பது நாள் கணக்கெடுப்பு. குளிரறைக்குள்ளிருந்து ஒருவர் நாளுக்கு எத்தனை தடவை வெளியே இருப்பவரைக் கூப்பிட வேண்டியிருக்கிறது? அதை எண்ணத் தட்டச்சம்மாவைக் கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். அலுவலகத்தில் தட்டச்சு இயந்திரம் போய்ப் பதினைந்து வருஷமாகிறது. இயந்திரத்தை எடுத்துப்போனவர்கள் அவரை எடுத்துப்போக மறந்துவிட்டார்கள்.

கணக்கெடுப்பு சுத்தமாக நடக்க வேண்டும் என்பதால் செங்கல்லையும் அகற்றினார்கள்.

“செங்கல் இருந்தா கதவு சாத்தாது,” என்றார் ஆலோசகர். “சாத்தலைன்னா தட்ட மாட்டீங்க. தட்டலைன்னா எண்ணிக்கை வராது. உங்க செங்கல்தான் உங்க தேவையையே மறைக்குது.”

தட்டல் பதிவேட்டில் ஏழு கட்டங்கள். நேரம், எத்தனை தட்டு, பலம், தொனி பொறுமையா அவசரமா, இப்படி. உள்ளிருந்து தட்டும் சத்தம் கேட்டதும் தட்டச்சம்மா ஏழு கட்டத்தையும் மணிமணியான எழுத்தில் நிரப்பி, மை காய ஊதிவிட்டு, பிறகு எழுந்து வந்து கதவைத் திறப்பார்.

“ரெண்டாவது தட்டலை ‘அவசரம்’னு போட்டிருக்கேன் தம்பி. சரிதானே?”

“சரிதான்க்கா,” என்பார் குளிரறைக்காரர், பல் தந்தியடிக்க. “முதல்ல திறந்துட்டு அப்புறம் எழுதக் கூடாதா?”

“கேட்டுப் பார்த்தேன். திறந்துட்டா நீங்க வந்து பக்கத்துல நின்னுக்கிட்டு, தொனியை மாத்திப் போடச் சொல்லி நச்சரிப்பீங்களாம். பாரபட்சமாயிடுமாம். இந்தாங்க, இங்க ஒரு கையெழுத்து.”

மனைவியிடம் இதைச் சொன்னபோது அவள் தராசைக் கீழே வைத்துவிட்டாள்.

“கதவுக்கு வெளியே ஒரு ஆளு இருக்காங்க. அவங்க கையால திறக்க முடியுது. அந்த ஆளு வேணும்கறதை நிரூபிக்கத்தான் அந்த ஆளு உட்கார்ந்திருக்காங்க. சரியாத்தானே புரிஞ்சுக்கிட்டேன்?”

“அவங்க நாற்பது நாளைக்குத்தான்.”

“உடைஞ்ச கைப்பிடி எப்படி இருக்கும், வரைஞ்சு காட்டுங்க.”

மறுநாள் சந்தையில், உடைத்து விற்க வந்த ஒரு பழைய குளிர்பதன லாரியின் கதவுக் கைப்பிடியைப் பிடித்தாள். லாரிக்காரர் சொன்ன விலையைக் கேட்டு, கைப்பிடியைப் போட்டுவிட்டு மூன்று தடவை நடக்க ஆரம்பித்தாள். மூன்றாவது தடவை அவரே பின்னால் வந்தார். நாலு டீயின் விலைக்கு முடிந்தது. இரண்டு திருகாணியும் அதிலேயே அடக்கம்.

குளிரறைக்காரர் அதைப் பொருத்தினார். ஐந்து நிமிட வேலை. கைப்பிடியைத் திருப்பினால் கதவு சமர்த்தாகத் திறந்தது. அன்று முழுக்க அவர் ஒரு தடவைகூடத் தட்டவில்லை. தட்டச்சம்மா ஏழு கட்டத்திலும் கோடு போட்டார். சாயங்காலம் குழு அவசரமாகக் கூடியது.

“என்ன காரியம் செஞ்சுட்டீங்க!” ஆலோசகர் மேஜையைத் தட்டினார். “கைப்பிடி நல்லாயிட்டா யார் தட்டுவா? தட்டல் இல்லைன்னா தேவை இல்ல. தேவை இல்லைன்னா திட்டம் இல்ல. திட்டம் இல்லைன்னா உங்களுக்கு மணி எப்படிய்யா வரும்?”

“கைப்பிடி இருந்தா மணி வேண்டாமே சார்.”

நாலு பேரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். நன்றி கெட்டவர்களைப் பெரிய மனிதர்கள் இப்படித்தான் பார்ப்பார்கள்.

மாப்பிள்ளை சார் கடைசியில் பேசினார். “இந்தாளுக்குத் தொலைநோக்கு இல்ல. விட்டுடுங்க. கழட்டச் சொல்லி ஒரு குறிப்பு மட்டும் குடுங்க.”

குறிப்பு வந்தது. அனுமதியில்லாமல் பொருத்திய கைப்பிடியை உடனே கழற்ற வேண்டும். மீண்டும் பொருத்த விரும்பினால், உரிய படிவத்தில் விண்ணப்பித்து, குழு உறுப்பினர் மூவரின் மைக் கையெழுத்துப் பெற வேண்டும். வாய்மொழி அனுமதியும் பென்சில் கையெழுத்தும் செல்லாது. மீறினால் பணிநீக்கம், பணிக்கொடையின்றி. கீழே தலைமைக் கணக்கரின் கையெழுத்து, நிர்வாக மேலாளரின் முத்திரை.

அவர் கழற்றினார். படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். மூன்று தடவை கொடுத்தார். முதல் படிவம் தொலைந்தது, இரண்டாவது பரிசீலனையில் இருந்தது, மூன்றாவதை ‘ரெண்டாவது பரிசீலனையில இருக்கே’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதை மடித்துக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டார். கைப்பிடியும் திருப்புளியும் கூட அதே பையில் இருந்தன. ‘அது என் சாமான், கண்ட இடத்துல போட்டுடாதீங்க’ என்று மனைவி சொல்லியிருந்தாள்.

கணக்கெடுப்பு முடியப் பத்து நாள் இருக்கும்போது ஆலோசகர் கிடங்குக்கே இறங்கி வந்து, அவர் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போனார்.

“சராசரி ரெண்டேகால்தான் வருது. மூணு வந்தாத்தான் கணக்கர் ஒத்துக்குவார். நீங்க ஒரு நாளைக்கு ஒரு அஞ்சாறு தடவை மாட்டிக்கிட்டீங்கன்னா நல்லா இருக்கும்.”

“சார், ஒவ்வொரு தடவையும் ஏழு கட்டம் நிரம்பணுமே.”

“உங்க மணிக்காகத்தானே!”

மாட்டிக்கொண்டார். மணிக்காக, பணிக்கொடைக்காக, மனைவி கொடுத்த கெடுவுக்காக, நாளுக்கு ஆறு தடவை தன் கையாலேயே கதவைச் சாத்திக்கொண்டு தட்டினார். சராசரி மூன்றைத் தாண்டியது. ஆலோசகர் கைகுலுக்கினார், கை சில்லென்று இருந்ததால் சீக்கிரம் விட்டுவிட்டார்.

அடுத்தது விலைப்பட்டியல். மூன்று கம்பெனிகளிடமிருந்து வாங்க வேண்டும் என்பது விதி. மூன்றும் வந்தன. மூன்றின் வலது மூலையிலும் ஒரே அளவில் வட்டமாக டீக்கறை இருந்தது. மேலே இருந்ததில் அழுத்தமாக, நடுவில் கொஞ்சம் மங்கலாக, அடியில் நிழல் மாதிரி.

தலைமைக் கணக்கர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். “மூணும் ஒரே மேஜையில தயாரான மாதிரி இருக்கே.”

“டம்ளர் ஒண்ணா இருக்கலாம் சார்,” என்றார் ஆலோசகர். “விலை மூணு இருக்கு பாருங்க.”

கணக்கர் பார்த்தார். விலை மூன்று இருந்தது. திருப்தியடைந்து நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். குறைந்த விலையில் ஏதோ சூது இருக்கும், கூடின விலையில் கொள்ளை இருக்கும், நடு விலை நியாயமானது என்பது அவருடைய இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்த அனுபவம் அந்த வட்டாரத்தில் சாமான் விற்கிற எல்லாருக்கும் தெரியும்.

நாற்பத்தாறு உள்பேசி, முப்பத்தெட்டு லட்சம். மாப்பிள்ளை சாருக்கு மட்டும் நான்கு: அவர் மேஜையில் ஒன்று, அவர் கதவில் ஒன்று, அவர் குளியலறையில் ஒன்று, காரில் ஒன்று.

“காருக்கு வலை எட்டாது சார்,” என்றார் ஆலோசகர் தயக்கத்தோடு.

“எட்டற தூரத்துக்குள்ளயே காரை நிறுத்தச் சொல்லுங்க.”

முதலாளி முப்பத்தெட்டைப் பார்த்துவிட்டு முப்பதுக்குள் கொண்டுவரச் சொன்னார். வெட்டும் கூட்டம் நடந்தது. அன்றைக்கு ஒவ்வொருவரும் பேசியதைக் கேட்டால், அவரவர் உள்பேசி அவரவருக்குத் தாய்ப்பால் மாதிரி என்று தோன்றும். நிர்வாக மேலாளர் தன் மூன்றில் ஒன்றை விட்டுக்கொடுத்துக் கண் கலங்கினார். இருந்தும் கணக்கு இறங்கவில்லை. அப்போது ஆலோசகர் ஒரு காகிதத்தை நகர்த்தினார்.

“இருக்கறதுலயே செலவு ஜாஸ்தி ஒரே ஒரு இடம்தான். இந்தக் கருவிக்குப் பூஜ்யத்துக்குக் கீழ வேலை செய்யும்னு உத்தரவாதம் கிடையாது. அதனால அங்க கருவியைச் சூடாக்க ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு ஹீட்டர். ஹீட்டர் வச்சா அறை சூடாகும், அதைக் குளிர வைக்கக் கூடுதல் குளிர் இயந்திரம். அந்த ஒரு இடத்துக்கு மட்டும் ஏழு லட்சம்.”

“எந்த இடம்?” என்றார் மாப்பிள்ளை சார்.

“குளிரறை.”

“தூக்குங்க.”

பட்டாணிப் பெட்டியிலிருந்து ஓர் உருவம் எழுந்தது. “சார், இந்தத் திட்டமே அந்த அறையிலேருந்துதானே சார் வந்துச்சு?”

“அதை நாங்க மறக்கலை,” என்றார் நிர்வாக மேலாளர் கனிவோடு. “குளிரறைக்கு நன்றி தெரிவிச்சு ஒரு தீர்மானம் போட்டிருக்கோம். மூணாவது பக்கம் பாருங்க.”

உள்பேசிகள் வந்தன. மாடியெங்கும் சுவரில் நீலக்கண்ணாய் மினுங்கின. குளிரறைக்கு மிக அருகில் இருந்தது கிடங்கு வாசலில். நூற்றுப்பத்து அடி தூரம். தட்டச்சம்மாவை மேலே கூப்பிட்டு, சர்வர் திரைக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். கதவுக்கு வெளியே நாற்காலி காலியாயிற்று. குளிரறைக்காரர் தேடிப்பிடித்துத் தன் செங்கல்லைத் திரும்பக் கொண்டுவந்தார். மனைவி கொடுத்த கெடுவில் ஒரு நாள் மிச்சம் இருந்தது.

அன்றைக்குத்தான் குழு கீழே இறங்கி வந்தது. திட்டம் நிறைவேறியதாகச் சான்றிதழ் எழுத வேண்டும். கருவி வைத்த இடம், வைக்காத இடம் எல்லாவற்றையும் நேரில் பார்த்துப் படம் எடுத்து, வைக்காத இடத்தில் ‘தேவை இல்லை’ என்று எழுத வேண்டும் என்பது விதி. நாலு பேரும் சட்டையோடு குளிரறைக்குள் நுழைந்தார்கள். குளிரறைக்காரர் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போனார்.

மாப்பிள்ளை சார் ஐஸ்கிரீம் பெட்டிகளின் முன்னால் நின்றார். நிர்வாக மேலாளர் செல்போனில் அவரைப் படம் பிடித்தார். “சார், பின்னாடி ஒரு செங்கல் தெரியுது. அசிங்கமா இருக்கு.” அவரே போய்க் காலால் நகர்த்தினார்.

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுகிற சத்தம் குளிரறைக்காரருக்கு நன்றாகப் பழகின சத்தம்.

“திறங்க,” என்றார் மாப்பிள்ளை சார்.

“உள்ளேருந்து திறக்க வராது சார்.”

“கூப்பிடுங்க, வெளியே யாரையாவது.”

“உள்பேசி இல்லையே சார். நன்றித் தீர்மானம்தான் இருக்கு.” அவர் கேலியாகச் சொல்லவில்லை. பட்டியலில் இருந்ததைச் சொன்னார்.

நாலு பேரும் செல்போனை உயரத் தூக்கிப் பார்த்தார்கள். பிறகு தட்டினார்கள். முதலில் தட்டியது ஆலோசகர். மாப்பிள்ளை சார் கொஞ்ச நேரம் அந்தஸ்தைப் பார்த்தார். மூன்றாவது நிமிடத்தில் அவரும் தட்டினார். நல்ல பலம். தொனி, சந்தேகமில்லாமல் அவசரம். எழுதிக்கொள்ளத்தான் வெளியே ஆள் இல்லை.

குளிரறைக்காரர் தன் கோட்டைக் கழற்றி மாப்பிள்ளை சாருக்குப் போட்டுவிட்டார். அதற்கு முன் பையிலிருந்த சாமான்களைக் கையில் எடுத்துக்கொண்டார். தலைமைக் கணக்கரின் கண் அதில் விழுந்தது.

“அது என்ன?”

“கைப்பிடி சார்.”

“மாட்டுய்யா!” நாலு குரல் ஒன்றாக வந்தது.

குளிரறைக்காரர் தர்மசங்கடத்தோடு நெளிந்தார். “மாட்டிடலாம் சார். ஆனா மூணு கையெழுத்து வேணும். வாயால சொன்னது செல்லாதுன்னு குறிப்பு இருக்கு. இருபது பெட்டி ஐஸ்கிரீம்ல நான் பட்டிருக்கேன் சார். எனக்கு இன்னும் எட்டு மாசம்தான் இருக்கு.” படிவத்தைப் பிரித்து ஓர் அட்டைப்பெட்டிமேல் நீவி வைத்தார். “இங்க, இங்க, அப்புறம் இங்க.”

“நானே சொல்றேனேய்யா! உயிர் போகுது!” என்றார் நிர்வாக மேலாளர்.

“நீங்கதான் சார் அப்பவும் சொன்னீங்க.”

மேலாளருக்கு ஐஸ்கிரீம் ஞாபகம் வந்துவிட்டது. பேனாவை எடுத்தார். எழுதவில்லை, மை கெட்டியாகிவிட்டது. மாப்பிள்ளை சாரின் தங்கமூடிப் பேனாவும் எழுதவில்லை. ஆலோசகரிடம் பேனாவே கிடையாது. அவர் எதிலும் கையெழுத்துப் போடுகிற வழக்கமில்லை. தலைமைக் கணக்கர் காதிடுக்கிலிருந்து பென்சிலை எடுத்தார். எடுத்த கையோடு, தான் எழுதிய குறிப்பு ஞாபகம் வந்து, திரும்பச் செருகிக்கொண்டார். அந்தக் குளிரிலும் அவர் நேர்மை உறையவில்லை.

“என்கிட்ட ஒண்ணு இருக்கு சார்.” குளிரறைக்காரர் சட்டைக்குள் கைவிட்டு, அக்குளிலிருந்து ஒரு பேனாவை எடுத்தார். பத்தொன்பது வருஷமாக அங்கே சரக்கு எண்ணி எழுதுகிறவர். பேனா எங்கே இருந்தால் எழுதும் என்று தெரிந்திருந்தது. “கொஞ்சம் வேர்வையா இருக்கும். தப்பா நினைக்காதீங்க.”

மாப்பிள்ளை சார் போட்டார். நிர்வாக மேலாளர் போட்டார். தலைமைக் கணக்கர் பேனாவை வாங்கி, கையைத் தாளில் ஊன்றி, நிமிர்ந்தார்.

“கைப்பிடிக்குப் பில் இருக்கா?”

மாப்பிள்ளை சார் அவரை என்ன சொன்னார் என்பதை இங்கே அச்சிட முடியாது. கணக்கர் கையெழுத்துப் போட்டார். குளிரறைக்காரர் படிவத்தை விளக்கடியில் தூக்கிப் பிடித்து மூன்றையும் சரிபார்த்து, மடித்து உள்சட்டையில் வைத்துக்கொண்டு, இரண்டு திருகாணியை முடுக்கினார். விரல் விறைத்துப்போய் ஐந்து நிமிட வேலைக்கு ஏழு நிமிடம் ஆயிற்று. கதவு சமர்த்தாகத் திறந்தது.

மறுநாள் மாடியில் பிரச்சினை வேறு மாதிரி கிளம்பியது. கைப்பிடி கதவில் இருக்கிறது, கணக்கில் இல்லை. வாங்கலாம் என்றால் சில்லறைச் செலவுக்குத் தலைப்பு இல்லை. கழற்றலாம் என்றால் மாப்பிள்ளை சார் விடமாட்டேன் என்றார். முந்தின ராத்திரி அவர் தன் குளியலறைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் குளித்ததாகப் பேச்சு. உரிமையாளரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார்கள். குளிரறைக்காரரின் மனைவி கடையைச் சாத்திவிட்டு, கையில் ஒரு டீ டம்ளரோடு வந்து தலைமைக் கணக்கரின் எதிரே உட்கார்ந்தாள்.

“என்ன விலை சொல்றீங்கம்மா?”

“விக்கிறதுக்கில்லீங்க. என் வீட்டுக்காரர் போயிட்டு வர்ற கதவு அது.”

“எங்களாலயும் வாங்க முடியாது. தலைப்பு இல்ல.” கணக்கர் பெருமூச்சு விட்டார்.

“எதுக்குத்தாங்க உங்ககிட்ட தலைப்பு இருக்கு?”

கணக்கர் பெரிய புத்தகத்தைப் புரட்டினார். “மூலதனம்... உரிமக் கட்டணம்... வாடகை...”

“வாடகைன்னா?”

“வெளியாள் சாமானை மாச வாடகைக்கு எடுக்கறது.”

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். “கைப்பிடி வாடகைக்கு இருக்கு. மாசம் நாலு டீ குடிக்கிற காசு குடுங்க, போதும்.”

கணக்கர் தலையை ஆட்டினார். “அவ்வளவு கம்மியா வாடகை ஒப்பந்தம் போட முடியாதும்மா. மாசம் ஆயிரத்துக்குக் கீழ இறங்கினா படிவமே கிடையாது.”

“அப்ப ஏத்திக்குங்க. நான் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டேன்.”

வாழ்நாளில் முதல்தடவையாக, எதிராளி விலையை ஏற்ற, அவள் விட்டுக்கொடுத்துக்கொண்டே போனாள். கடைசியில் கணக்கருக்கு ஒரு சந்தேகம் வந்தது. “மூணு விலைப்பட்டியல் வேணுமே.”

ஒரு மணி நேரத்தில் மூன்று வந்தன. ஒன்று அவள் பேரில், ஒன்று தங்கை பேரில், ஒன்று நாத்தனார் பேரில். மூன்றின் மூலையிலும் வட்டமாக ஒரு டீக்கறை, மேலே அழுத்தமாக, கீழே போகப்போக மங்கலாக. கணக்கர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். விலை மூன்று இருந்தது. நடுவில் இருந்ததைத் தேர்ந்தெடுத்தார். அது அவளுடையது.

“ரெண்டு நிபந்தனை,” என்றாள் எழுந்தபோது. “அந்தக் கதவுலேருந்து அது நகரக் கூடாது. என் வீட்டுக்காரர் வேலையில இருக்கிற வரைக்கும்தான் ஒப்பந்தம். அவரை நீங்க அனுப்பினீங்கன்னா கைப்பிடி என் வீட்டுக்கு வந்துடும்.”

மாப்பிள்ளை சார் இரண்டுக்கும் உடனே தலையாட்டினார்.

எட்டு மாதம் கழித்துக் குளிரறைக்காரர் இருபது வருஷ சர்வீஸை முடித்தார், பணிக்கொடையும் வந்தது. ஆனால் அவரை ஓய்வுபெற விடவில்லை. ஒப்பந்தம் அப்படி. இப்போதும் தினமும் காலை ஒன்பது மணிக்குக் கிடங்கு வாசலில் நீலக்கண் மினுங்கும். அவர் நூற்றுப்பத்து அடி நடந்து வந்து எடுப்பார்.

“கைப்பிடி இருக்கா?” என்று மாடியிலிருந்து ஒரு குரல் கேட்கும்.

“இருக்கு சார்.”

முப்பது லட்சத்து வலையமைப்பில் நாள் முழுவதும் நடக்கும் ஒரே உரையாடல் அது. தட்டச்சம்மா அதை மேலே பதிவு செய்துகொள்கிறார். தொனி: பொறுமை.